லெபனான் சிற்பி சல்வா ரவுதா ஷுகைர்: அடுக்கி வைத்த கட்டைகளில் என்ன இருக்கிறது?

கேள்வி இது: "சல்வா ரவுதா ஷுகைர் என்ற லெபனான் சிற்பியின் படைப்புகளைப் படங்களில் பார்த்தேன். குழந்தைகள் விளையாடும் மரக்கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போலத்தான் தெரிகிறது. இவரை இவ்வளவு கொண்டாடுவது ஏன்? அவருடைய வாழ்க்கையையும் வேலையையும் பற்றி விவரமாகச் சொல்ல முடியுமா?"

கட்டைகளை அடுக்கியது போல இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. உண்மையிலேயே அவை அடுக்கப்பட்ட கட்டைகள்தான். கழற்றலாம், மறுபடி அடுக்கலாம். இவர் சிற்பத்தைப் பற்றி யோசித்ததெல்லாம் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஆகவே பிறப்பு, படிப்பு என்று போகும் முன் அந்த அடுக்கையே கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1960களின் நடுவில் அவர் ஒரு வரிசையைச் செய்தார். தலைப்பு 'கஸீதா', அதாவது கவிதை. மரத்திலும், கல்லிலும், உலோகத்திலும் சிறு சிறு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் உண்டு. ஒரு பக்கம் வளைவு, இன்னொரு பக்கம் வெட்டு. ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்போது மேலே இருப்பதன் வளைவு கீழே இருப்பதன் குழிவில் பொருந்தும். முழு அடுக்கையும் ஒரு சிற்பமாகப் பார்க்கலாம். நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து மேசையில் வைத்தால், அதுவும் குறையில்லாத ஒரு சிற்பமாகவே நிற்கும்.

இதற்கு ஏன் கவிதை என்று பெயர்? மரபான அரபுக் கவிதையின் அடிப்படை அலகு 'பைத்'. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் மவ்லிது ஓதும்போது 'பைத்து' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதே சொல்தான். பைத் என்றால் வீடு என்றும் பொருள், கவிதையின் ஓர் அடி என்றும் பொருள். அந்த அடி இரண்டு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதிக்கும் 'மிஸ்ராஉ' என்று பெயர். இரட்டைக் கதவின் ஒரு பலகைக்கும் அதே பெயர்தான். இரண்டு கதவுகள் சேர்ந்து ஒரு வீடு, பல வீடுகள் சேர்ந்து ஒரு கஸீதா. ஒவ்வொரு பைத்தும் தன்னளவில் பொருள் முடிந்து நிற்க வேண்டும் என்பது பழைய மரபு. ஒன்றின் பொருள் அடுத்ததற்குள் வழிந்து போனால் அதைக் குறையாகவே பார்த்தார்கள். ஆனால் கவிதை முழுக்க ஒரே சந்தமும் ஒரே இயைபும் ஓடும். ஆக, தனியாக நிற்கும் அலகுகள், எல்லாவற்றையும் கோக்கும் ஒரு விதி. சல்வா கல்லிலும் மரத்திலும் செய்தது அதுதான். பறவை, தாய், சேய் என்று எந்த உருவத்தையும் அவர் செதுக்கவில்லை. கவிதை கட்டப்படும் முறையையே எடுத்துக்கொண்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் கதைக்கு வருவோம்.

அவர் பெய்ரூட்டில் 1916 ஜூன் 24 அன்று பிறந்தார். மோசமான காலம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, லெபனான் மலைப்பகுதி கொடும் பஞ்சத்தில் கிடந்தது. அவர் பிறப்பதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னால், மே 6 அன்று, ஓட்டோமான் ஆளுநர் ஜமால் பாஷா அரபு தேசியவாதிகளைப் பெய்ரூட்டின் நடுச் சதுக்கத்தில் தூக்கிலிட்டிருந்தார். இன்று அதற்குத் தியாகிகள் சதுக்கம் என்று பெயர். சல்வாவின் குடும்பம், இஸ்லாமிலிருந்து கிளைத்த சிறு சமயப் பிரிவான துரூஸ் சமூகத்தைச் சேர்ந்தது. அப்பா சலீம் ரவுதாவை ஓட்டோமான் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். 1917இல் டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தைக்கு அப்போது ஒரு வயதுதான். அம்மா ஸல்ஃபா நஜ்ஜார் மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்தார், மூவரையும் படிக்க வைத்தார். சல்வா அஹ்லியா பள்ளியிலும், பிறகு பெண்களுக்கான அமெரிக்க ஜூனியர் கல்லூரியிலும் படித்தார்.

கல்லூரியில் அவர் எடுத்தது இயற்கை அறிவியல். பலர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு இது ரொம்ப முக்கியமாகத் தெரிகிறது. பிற்காலச் சிற்பங்களில் மூலக்கூறுகள், டிஎன்ஏ இழைகள், நீரின் பரப்பு இழுவிசை, ஒளி விலகல் எல்லாம் வரும். எங்கோ படித்துக் கடன் வாங்கியவை அல்ல அவை. உலகம் அலகுகளால் ஆனது, அலகுகள் ஒரு விதிப்படி சேர்கின்றன என்ற பார்வை அவருக்கு இளவயதிலேயே பழகியிருந்தது.

ஓவியம் பிற்பாடு வந்தது. முஸ்தஃபா ஃபர்ரூக், ஒமர் ஒன்ஸி இருவரும் அந்தத் தலைமுறை லெபனானின் பெரிய ஓவியர்கள், நிலக்காட்சிகளிலும் உருவப்படங்களிலும் தேர்ந்தவர்கள். 1930களில் ஃபர்ரூக்கிடமும், 1942 வாக்கில் ஒன்ஸியிடமும் சல்வா கற்றுக்கொண்டார். 1943இல் வரைந்த அவருடைய சுயஉருவப்படம் ஒன்று இருக்கிறது. நேரே பார்க்கும் கண்கள், அழுத்தமான நிறம். நல்ல மாணவி என்று தெரிகிறது. அதோடு அந்தப் பாதை முடிந்துவிட்டது.

காரணம் அதே 1943இல் கெய்ரோவுக்குப் போனது. அருங்காட்சியகங்களைப் பார்க்கத்தான் போனார். போர்க்காலம் என்பதால் அவை மூடிக் கிடந்தன. அதனால் பழைய கெய்ரோவின் தெருக்களிலும் பள்ளிவாசல்களிலும் நடந்தார். அங்கே பார்த்ததை அவர் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை: சட்டமிட்டுச் சுவரில் தொங்காத கலை. கதவில், கூரையில், தரையில், மிம்பர் என்னும் பள்ளிவாசல் உரைமேடையில், சன்னலின் மரச் சட்டகத்தில் இருந்தது. மக்கள் அதன் மேல் நடந்தார்கள், அதன் கீழ் தொழுதார்கள், அதன் நிழலில் உட்கார்ந்து பேசினார்கள். அருங்காட்சியகம் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

இஸ்லாமிய வடிவக்கணிதம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது. ஒரு கவராயம், ஒரு நேர்கோல். அவ்வளவுதான் கருவி. ஒரு புள்ளி வையுங்கள், அதைச் சுற்றி வட்டம் போடுங்கள், வட்டத்தை ஆறாகவோ எட்டாகவோ பிரியுங்கள், வெட்டுப்புள்ளிகளை இணையுங்கள். ஒரு நட்சத்திரம் கிடைக்கும். பக்கத்தில் அதே போல இன்னொன்று. இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் நீங்கள் வரையாத ஒரு வடிவம் தானே பிறந்திருக்கும். இப்படியே சுவர் முடியும்வரை போகலாம். சுவர் முடிந்தாலும் கோலம் முடிவதில்லை. சுவர்தான் அதை வெட்டியிருக்கிறது. கோலம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். அந்தக் கலையின் முழு வேலையும் இதுதான்: ஒரு அலகு, ஒரு விதி, முடிவில்லாமல் விரியும் சாத்தியம்.

சரி, பெய்ரூட்டுக்குத் திரும்புவோம். 1945இலிருந்து அவர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தார். வேலைக்கு நடுவே தத்துவம், வரலாறு வகுப்புகளுக்கும் போனார். அங்கே ஒரு தத்துவப் பேராசிரியர், அரபுக் கலை வெறும் அலங்காரம், கிரேக்கக் கலைக்குக் கீழே வைக்க வேண்டியது என்ற தொனியில் பேசியது இவரைச் சுட்டதாகச் சொல்வார்கள். மனித உடலைச் செதுக்கவில்லை என்பதால் ஒரு மரபு தாழ்ந்ததாகிவிடுமா? அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதோடு அவர் நிற்கவில்லை.

1947இல் பெய்ரூட்டின் அரபு கலாசார மன்றத்தில் ஒரு கண்காட்சி வைத்தார். வடிவங்களும் வண்ணங்களும் மட்டுமே உள்ள படங்கள். மலை இல்லை, முகம் இல்லை, லெபனானின் அடையாளமான கேதுரு மரமும் இல்லை. அரபு உலகில் நடந்த முதல் அரூப ஓவியக் கண்காட்சி என்று கலை வரலாற்றில் பெரும்பாலும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஆண்டைக் கவனியுங்கள். அவர் இன்னும் பாரிஸுக்குப் போகவில்லை. "பாரிஸில் அரூபம் கற்று, ஊருக்குக் கொண்டுவந்தார்" என்று எழுதுபவர்கள் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான்.

1948இல் பாரிஸ் போனார். மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார், நுண்கலைப் பள்ளியில் படித்தார். 1949இல் ஃபெர்னான் லெஜேயின் பட்டறையில் சில மாதங்கள். லெஜே அப்போது உலகப் புகழ் பெற்றவர். அவருடைய 1921ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது: மூன்று நிர்வாணப் பெண்கள் காலை உணவோடு இருப்பார்கள், உடல்கள் இயந்திர உருளைகள் போல இருக்கும். சல்வா அதற்கு எதிர்வினையாக ஒரு வரிசை வரைந்தார். தலைப்பு 'புகழ்பெற்ற ஓவியர்கள்'. இவருடைய பெண்களும் நிர்வாணமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் லெஜேயின் உருளைகள் இங்கே தட்டையான நிறப்பரப்புகளாகிவிட்டன. ஆண் ஓவியர்கள் பார்த்துப் பார்த்து வரைந்த உடல், தலைப்பில் புகழ்பெற்ற ஓவியர்கள், வரைவதோ பெய்ரூட்டிலிருந்து வந்த ஒரு பெண். அவர் உரக்க எதுவும் அறிவிக்கவில்லை. படத்தைப் பார்த்தாலே போதும்.

லெஜேயிடம் அவர் நிலைக்கவில்லை. ஜான் தெவான், எட்கார் பிலே இருவரும் நடத்திய அரூபக் கலைப் பட்டறை 1950இல் தொடங்கியபோது அதில் முன்னின்றவர்களில் இவரும் ஒருவர். பாரிஸில் அரூபக் கலைஞர்கள் ஆண்டுதோறும் கூடும் பெரிய கண்காட்சியிலும் பங்கேற்றார். 1951இல் கொலெத் அலாந்தி காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. அங்கேயே தங்கியிருந்தால் அவர் பெயர் அந்தத் தலைமுறை ஐரோப்பியக் கலைஞர்களின் வரிசையில் சேர்ந்திருக்கும். அவர் அதே ஆண்டு பெய்ரூட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அந்த 1951இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் 'அல் அப்ஹாஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அரபு மனிதர் காட்சிக் கலையை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது பொருள். கண்ணால் காண்பதை அப்படியே நகலெடுப்பதில் அரபுக் கலைஞருக்கு ஆர்வம் இருந்ததில்லை, பொருளின் சாரத்தையே தேடினார், தேவையில்லாததை வடிகட்டிக்கொண்டே போனார் என்பது அவர் வாதம். சூஃபிச் சிந்தனையின் வாசனை அதில் உண்டு. அந்தப் பேராசிரியரின் ஏளனத்துக்கு எழுத்தில் வந்த பதிலாகவே நான் இதைப் படிக்கிறேன். மேற்கு 20ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த இடத்தில் எங்கள் மரபு எப்போதோ நின்றுவிட்டது என்ற துணிச்சல் அதில் இருக்கிறது. கொஞ்சம் மிகைதான். அரபு உலகிலும் உருவங்கள் நிறைந்த நுண்ணோவியங்களும் மட்பாண்டங்களும் உண்டு, அவற்றை அவர் ஓரம் தள்ளிவிட்டார். ஆனால் ஒரு கலைஞர் தனக்கு வேண்டிய தரையைத் தானே சமன் செய்து கொண்டதாக அதைப் பார்த்தால் புரிந்துகொள்ள முடிகிறது.

பிரான்ஸில் அவரை உலுக்கியது ஓவியத்தைவிடக் கட்டடம் என்று தோன்றுகிறது. மார்செய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1947 முதல் 1952 வரை கட்டிய பெரிய குடியிருப்பு அவரை மிகவும் ஈர்த்தது. 337 வீடுகள் கொண்டது. அதன் குறுக்குவெட்டைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். பெரும்பாலான வீடுகள் இரண்டு தளம் கொண்டவை. மூன்று தளத்துக்கு ஒரு நடைவழி. நடைவழிக்கு இந்தப் பக்கத்து வீடு அதன் மேலாக அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்து வீடு அதன் கீழாக இந்தப் பக்கம் வரும். இரண்டு கைகளைக் கோத்துக்கொள்வது மாதிரி. தனித்தனி வீடுகள், ஆனால் ஒன்றுக்குள் ஒன்று. பைத் என்ற சொல்லுக்கு வீடு, கவிதையடி இரண்டும் பொருள் என்று தெரிந்த ஒருவர் இதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று கற்பனை செய்வது எனக்குப் பிடிக்கும்.

திரும்பி வந்தவர் 1953இல் யூசுஃப் ஷுகைர் என்ற பத்திரிகையாளரை மணந்தார். 1957இல் மகள் ஹாலா பிறந்தார், அவரும் ஓவியர். இந்தக் காலத்தில் சல்வா கம்பளம், மட்பாண்டம், நகை, வீட்டுச் சாமான் என்று பலவற்றுக்கும் வடிவமைப்புகள் செய்தார். கெய்ரோவில் பார்த்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை. அவருக்குக் கலை என்பதும் கைவினை என்பதும் இரண்டு அலமாரிகளில் வைக்க வேண்டியவை அல்ல. 1950களின் பிற்பகுதியில் ஓவியத்தை விட்டுச் சிற்பத்துக்கு முழுதாக மாறினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு! 1962இல் பெய்ரூட்டின் யுனெஸ்கோ மாளிகையில் கண்காட்சி. அடுத்த ஆண்டு, பெய்ரூட்டில் பொது இடம் ஒன்றில் கற்சிற்பம் அமைப்பதற்கான பரிசு தேசியச் சுற்றுலா மன்றத்திடமிருந்து கிடைத்தது.

இனிச் சிற்பங்கள். 'முடிவற்ற கட்டமைப்பு' என்ற 1963-65 காலத்துப் படைப்பு லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செவ்வகக் கற்கள், ஒவ்வொன்றிலும் செவ்வகத் துளைகள், தூண் போல நிமிர்ந்து நிற்கும் அடுக்கு. பார்த்ததும் அடுக்குமாடி போலத் தெரியும், சன்னல்களில் வெளிச்சம் விழுந்தது போல. எத்தனை கல்லை வேண்டுமானாலும் மேலே ஏற்றலாம் என்பதுதான் தலைப்பின் பொருள். கெய்ரோ பள்ளிவாசல் சுவரில் படுத்திருந்த கோலம் இங்கே எழுந்து நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் நெருக்கமானவை 1970களில் அவர் செய்யத் தொடங்கிய 'இரட்டைகள்'. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட நீங்களே செய்து பார்ப்பது நல்லது. ஒரு குளியல் சோப்பை எடுங்கள். ஒரு தையல் நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, சோப்பை நேராக வெட்டாமல், அலை போல மேலும் கீழும் வளைத்து அறுத்துக்கொண்டே போங்கள். இரண்டு துண்டு கிடைக்கும். சேர்த்து வைத்தால் பழைய சோப்பு, கோடு மட்டும் தெரியும். இப்போது மேல் துண்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது திருப்பி வையுங்கள். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தைத் தேடுவது தெரியும். நடுவில் ஒரு இடைவெளி திறக்கும். அதற்கும் ஒரு வடிவம் உண்டு. இப்போது ஒரு துண்டை மட்டும் கையில் வையுங்கள். அது பாதி என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் பார்வைக்குப் பாதியாகத் தெரியாது.

சல்வா இதை மரத்திலும், பித்தளையிலும், கண்ணாடியிழையிலும் செய்தார். இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்குவதில்லை. ஒன்று ஆண், ஒன்று பெண் என்று சிலர் படிக்கிறார்கள், படிக்கலாம். எனக்கு அது கவிதையடியின் இரண்டு பாதிகளாகத்தான் தெரிகிறது, இரட்டைக் கதவு. இவற்றில் மரத்தில் செய்தவையே மேல் என்பது என் கருத்து. மரத்தின் ரேகை வெட்டுக்கு அந்தப் பக்கமும் தொடர்ந்து ஓடும். பிரிந்த இரண்டும் ஒரே மரம் என்பதைக் கண் மறக்காது. கண்ணாடியிழையில் அந்த நினைவு இல்லை.

அதே காலத்தில் தெளிந்த அக்ரிலிக் கண்ணாடியிலும் நைலான் நூலிலும் ஒரு வரிசை செய்தார். வளைந்த சட்டத்தில் நேர்நூல்களை நெருக்கமாகக் கட்டிக்கொண்டே போனால் நூல்களின் கூட்டம் ஒரு வளைந்த பரப்பாக மாறும். நேர்கோடுகளிலிருந்து வளைவு பிறப்பது வடிவக்கணிதத்தில் பழைய விஷயம்தான். ரஷ்யாவில் பிறந்த நவும் காபோ 1940களிலேயே இதைச் செய்திருந்தார், ஆகவே இந்த வரிசையில் சல்வாவின் தனித்தன்மை எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. நீரை வைத்துச் செய்த சோதனைகள் அப்படியல்ல. நீரையே ஒரு வில்லையாக (லென்ஸாக), சிற்பப் பொருளாகப் பாவித்தார். அறிவியல் மாணவி திரும்பி வந்துவிட்டது தெரிகிறது.

அவருடைய பல சிற்பங்கள் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். படத்தில் பார்ப்பவர்கள் பெரிய நினைவுச்சின்னம் என்று நினைத்து, நேரில் பார்த்துத் திகைப்பதுண்டு. உண்மையில் அவற்றில் நிறைய, பெரிதாகக் கட்ட வேண்டும் என்று நினைத்துச் செய்த மாதிரிகள். பூங்காவில், கட்டட முகப்பில், நீரூற்றில் நிற்க வேண்டியவை. கட்டுவதற்கு ஆள் வரவில்லை, பணம் வரவில்லை. பலகாலம் வாங்குபவர்களும் குறைவு. ஆகவே வேலையெல்லாம் அவர் குடியிருப்பிலேயே, அலமாரியிலும் மேசையிலும் தரையிலுமாகச் சேர்ந்தது.

அப்புறம் போர். 1975இல் தொடங்கிய லெபனான் உள்நாட்டுப் போர் 1990 வரை நீடித்தது. வசதியுள்ளவர்கள் பலர் பாரிஸுக்கும் லண்டனுக்கும் போனார்கள். பாரிஸைத் தெரிந்த இவர் பெய்ரூட்டிலேயே இருந்தார், வேலை செய்துகொண்டும் இருந்தார். இரட்டைகளின் பெரும்பகுதி குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் பிறந்தவை. இரண்டாகப் பிளந்த நகரத்தில் ஒருவர் பொருந்தும் இரண்டு துண்டுகளைச் செய்துகொண்டிருந்தார் என்று சொல்லத் தோன்றும். அவர் வேலையில் போரைத் தேடுபவர்கள் உடனே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்தச் சிந்தனை அவருக்குப் போருக்கு முன்பே இருந்தது. அவர் போரைப் பற்றிச் செய்யவில்லை. போர் நடக்கும்போதும் தன் வேலையை விடவில்லை. அதற்குத் தனி மரியாதை உண்டு.

ஆனால் போர் ஒரு படைப்பில் தானே வந்து கையெழுத்துப் போட்டது. 'இரண்டு=ஒன்று' என்ற ஓவியம், 1947-51 காலத்தைச் சேர்ந்தது. 1980களில் வீட்டுக்கு அருகே குண்டு வெடித்தபோது சன்னல் கண்ணாடிகள் நொறுங்கிப் பறந்து அந்தக் கித்தானைத் துளைத்தன. துளைகளும் குத்தியிருந்த கண்ணாடிச் சில்லுகளுமாகவே அது பின்னால் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒழுங்கான நிற வடிவங்களுக்கு நடுவே ஒழுங்கே இல்லாத கிழிசல்கள். அந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இந்த ஓவியத்தைத் தனியே குறிப்பிட்டார்கள்.

உலகம் அவரைக் கவனிக்க ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். 1974இலேயே லெபனான் கலைஞர் சங்கம், அதுவரையிலான அவர் படைப்புகளைத் திரும்பிப் பார்க்கும் பின்னோக்குக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அடுத்த ஆண்டே போர் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. 1988இல் லெபனான் அரசு பதக்கம் வழங்கியது. மகள் ஹாலாவின் முயற்சியில் 2002இல் அவருடைய வாழ்க்கையையும் கலையையும் பற்றிய பெரிய நூல் வந்தது. 2011இல் காட்சியகர் சாலிஹ் பரகாத் பெய்ரூட் கண்காட்சி மையத்தில் விரிவான பின்னோக்குக் கண்காட்சி அமைத்தார். 2013இல் லண்டன் டேட் மாடர்ன், ஜெசிக்கா மார்கன் பொறுப்பில், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்டியது. உலகப் பத்திரிகைகள் 97 வயதில் ஒரு மேதை 'கண்டுபிடிக்கப்பட்டார்' என்று எழுதின. எனக்கு அந்தச் சொல் வலிக்கிறது. 1947இலிருந்து அதே நகரத்தில் கண்காட்சி வைத்துக்கொண்டிருந்தவர் எங்கே ஒளிந்திருந்தார்? அந்த நேரத்தில் அவருக்கு அல்சைமர் நோய் முற்றியிருந்தது. லண்டனில் நடப்பதை அவர் முழுதாக உணரும் நிலையில் இல்லை.

தாமதத்துக்குக் காரணம் பல. பெண் என்பது ஒன்று. போர் ஒன்று. மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது: மேற்கத்தியப் பார்வையாளர் 'கிழக்கத்தியக் கலை' என்று எதிர்பார்த்து வரும் எதுவும் இவரிடம் இல்லை. அரபு எழுத்தணி இல்லை, ஒட்டகம் இல்லை, முக்காடு இல்லை. பார்த்தவர்கள் இது ஐரோப்பிய அரூபத்தின் நகல் என்று நினைத்தார்கள். ஊரில் இருந்தவர்களிலும் சிலர் அப்படியே நினைத்தார்கள். மேற்கின் தாக்கமா என்று கேட்டால் சல்வா ஒப்புக்கொள்ள மாட்டார். தன் விதிகள் இஸ்லாமிய வடிவமைப்பிலிருந்து வந்தவை என்பார். இன்னொரு சமயம், இது எல்லோருக்கும் பொதுவான அனுபவம் என்பார். இரண்டும் முரண் போலத் தெரியலாம். ஒரே கவராயம்தானே எல்லா ஊரிலும் வட்டம் போடுகிறது என்று நினைத்துப் பார்த்தால் முரண் கரைந்துவிடும்.

அவர் 2017 ஜனவரி 26 அன்று பெய்ரூட்டில் காலமானார். நூறு வயது நிறைந்திருந்தது. அடுத்த ஆண்டு அவர் பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் அவரை நினைவுகூர்ந்தது. நீங்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே அதனால்கூட இருக்கலாம்.

லெபனான் சிற்பத்தில் மேற்கொண்டு பார்க்க விரும்பினால், பத்ரூன் பகுதியில் ராஷானா என்ற சிற்றூரைச் சேர்ந்த பஸ்பூஸ் சகோதரர்கள் மிஷெல், அல்ஃப்ரட், யூசுஃப் மூவரையும் தேடுங்கள். ஊர் முழுக்கச் சிற்பம் நிற்கும். மிஷெலின் மகன் அனாஷாரும் இன்று சிற்பிதான். சுடுமண்ணில் வேலை செய்யும் சிமோன் ஃபத்தால், பெய்ரூட்டில் பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்து லண்டனில் வாழும் மோனா ஹாத்தூம் ஆகியோர் முற்றிலும் வேறு வழியில் போனவர்கள்.

ஆனால் சல்வாவிடமிருந்து ஒன்றே ஒன்றைப் பார்க்கச் சொன்னால், நான் டேட்டில் இருப்பவற்றைச் சொல்ல மாட்டேன். பெய்ரூட் நகர மையத்தில், ஐநா கட்டடத்துக்கு எதிரே, கலீல் ஜிப்ரான் பெயரில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. அங்கே அவர் 1969-71 காலத்தில் வடிவமைத்த கல் இருக்கை அரைவட்டமாகக் கிடக்கிறது. ஒரு கல்லின் வளைவு அடுத்த கல்லுக்குள் பொருந்தி, அது அதற்கடுத்ததை ஏந்தி, வரிசையாகப் போகும். நீங்கள் படத்தில் பார்த்த அதே கட்டைகள்தான், உட்காரும் அளவுக்கு வளர்ந்தவை. கயிறு கட்டித் தடுக்காமல், தொடாதீர்கள் என்று எழுதி வைக்காமல் இருக்க வேண்டிய படைப்பு அது. போனால் அதன் மேல் உட்காருங்கள்.